போர்வை பட்டாலே வலிக்கிற கால்

சர்க்கரை நோயில் கால் எரிச்சல் வந்தவர்களுக்கு இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் கிளினிக்குகளில் வழக்கமாக எழுதிக் கொடுப்பது அமிட்ரிப்டிலின். ராத்திரி படுக்கப் போகும் முன் 10 மில்லிகிராமோ 25 மில்லிகிராமோ. வாங்கி வந்து இரண்டு மூன்று நாள் போடுவார்கள். அதற்குள் யாராவது ஒருவர், போனில் தேடிப் பார்த்த பேரனோ பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ, "இது டிப்ரெஷன் மாத்திரையாச்சே" என்று சொல்லிவிடுவார். அவ்வளவுதான், மாத்திரை அலமாரிக்குள் போய்விடும். "வலி கால்ல, மருந்து மண்டைக்கா? எனக்கென்ன பைத்தியமா?" என்ற கேள்வியை டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன்.

நியாயமான கேள்வி. அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது, பெரும்பாலும் சுண்டெலிகளிடமிருந்து கிடைத்த பதில். நான் மருந்தியல் படித்தவள். வலி ஆய்வுக்காகச் சுண்டெலிகளோடு வேலை செய்கிறவள். இதை ஒருமுறை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த இடம் அது. இனவாரிக் குடியிருப்புச் சட்டம் 1960-களில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பிவிட்டது. அப்புறம் ஆயா துணி ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர், ஓய்வு பெறும் வரை எழுந்திருக்கவில்லை. இங்கே இன்னும் சரளமாகத் தமிழ் பேசும் தலைமுறையில் கடைசி ஆட்களில் ஒருவர். அவர் தன் வலியைச் சொன்ன விதத்தை எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை:

"பகல்ல அவ்வளவா தெரியாதும்மா. ராத்திரி படுத்தா காலு ரெண்டும் நெருப்பு. பெட்ஷீட் மேல பட்டாலே உசிரு போவுது. குளிர் காலத்துலகூட காலை வெளிய நீட்டிக்கிட்டுத்தான் படுக்கறேன்."

பருத்திப் போர்வை. அதன் எடை எவ்வளவு இருக்கும்? வலிக்கக் கூடாத ஒன்று வலிக்கிறது. சர்க்கரையால் நரம்பு கெட்டுப்போனால் இப்படித்தான் ஆகும். தொடுதலைச் சொல்ல வேண்டிய சேதி வலியாகப் போய்ச் சேரும். பனாடோ (பாராசிட்டமால்) போட்டால் இதற்குப் பெரிதாகக் கேட்காது, ஏனென்றால் இது வீக்கத்தாலோ அடிபட்டதாலோ வரும் வலி கிடையாது. நரம்பே தன்னால் வலியைக் கிளப்புகிறது.

கிளினிக்கில் ஆயாவுக்கும் அமிட்ரிப்டிலின்தான் கொடுத்தார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர், "இது மூளைக்கு, தூக்கம் வரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆயா அதைத் தொடவே இல்லை. மாதக்கணக்கில் அந்தப் பொட்டலம் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது.

சரி, சுண்டெலிக்கு வருவோம்.

சுண்டெலியிடம் "வலிக்கிறதா?" என்று கேட்க முடியாது. அதனால் கேட்கும் முறைதான் இந்தத் துறையில் பாதி வேலை. கம்பி வலை போட்ட மேடை ஒன்று, அதன் மேல் கண்ணாடி போன்ற சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சுண்டெலி. முதல் அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம், நாம் ஒன்றும் செய்யக் கூடாது. அது மோப்பம் பிடிக்கும், மூலைக்கு மூலை ஓடும், முகத்தைத் துடைத்துக்கொள்ளும், கடைசியில் சலித்துப்போய் உட்காரும். அப்போது கீழேயிருந்து, வலைக் கண் வழியாக, மெல்லிய நைலான் இழையால் அதன் பின்னங்காலின் உள்ளங்காலை மெதுவாக அழுத்த வேண்டும். இழை லேசாக வளையும் வரை அழுத்தி, ஒன்றிரண்டு நொடி பிடித்து, எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு இழையும் வளைவதற்கு ஒரு குறிப்பிட்ட விசை உண்டு. மிக மெல்லியதன் விசை ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. நம் கையில் பட்டால் தெரியவே தெரியாது. 1890-களில் மாக்ஸ் ஃபான் ஃபிரை என்ற ஆஸ்திரிய-ஜெர்மன் உடலியலாளர் குதிரை முடியை வைத்து மனிதத் தோலில் செய்த சோதனையின் வாரிசுதான் இது. இன்றும் அவர் பெயரில்தான் அந்த இழைகள் இருக்கின்றன.

ஆரோக்கியமான சுண்டெலி மெல்லிய இழையைக் கண்டுகொள்ளாது. மயக்க மருந்து கொடுத்து, தொடையில் ஓடும் சியாட்டிக் நரம்பைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டித் தைத்த சுண்டெலி, சில நாள் கழித்து அதே இழை பட்டவுடன் காலைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். சில நேரம் தூக்கிய காலைக் கீழே வைக்காமலே நிற்கும், நக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு ஆயாவின் போர்வைதான் ஞாபகம் வந்தது. இப்போதும் அப்படித்தான். அந்தக் கால் இழுப்பைத் தாளில் ஒரு குறியாகப் போடும்போது, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்று மறக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

இனி அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற இரட்டையர்கள். அட்ரினலினைத் தெரியாதவர் இல்லை. பயந்தால், ஓடினால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கொட்டுவது. நார்அட்ரினலின் அதன் நெருங்கிய உறவு, நரம்பு முனைகளில் வெளியாவது. இரண்டும் தனியாக எதையும் செய்வதில்லை. உயிரணுக்களின் மேல்பரப்பில் இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் வேலை நடக்கும். 1948-ல் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் என்ற அமெரிக்க மருந்தியலாளர் இந்த ஏற்பிகள் ஒரே வகையாக இருக்க முடியாது என்று காட்டி, ஆல்ஃபா, பீட்டா என்று பிரித்தார். இன்று ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2, பீட்டா என்ற மூன்று குடும்பம், குடும்பத்துக்கு மூன்று என்று மொத்தம் ஒன்பது. பீட்டா-2 ஏற்பியின் உருவத்தை அணு அணுவாகப் படம் பிடித்த வேலையும் சேர்ந்துதான் 2012-ல் லெஃப்கோவிட்சுக்கும் கோபில்காவுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்த ஒன்பதில் எது, எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே நார்அட்ரினலின் வலியைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

குறைப்பதை முதலில் பார்க்கலாம். மூளைத்தண்டில் நீலப் புள்ளி என்று அழைக்கப்படும் ஒரு சின்னக் கொத்து இருக்கிறது, லோகஸ் செருலியஸ். சுண்டெலியில் அது பக்கத்துக்குச் சுமார் 1,500 நரம்பணுக்கள்தான். ஆனால் அவற்றின் இழைகள் மூளை முழுக்கப் பரவியிருக்கின்றன, தண்டுவடத்துக்குள்ளும் இறங்குகின்றன. தோலில் குத்தோ சூடோ பட்டால் அந்தச் சேதி முதலில் வந்து சேர்வது தண்டுவடத்தின் பின்பக்கக் கொம்புக்கு. அங்கே ஒரு நரம்பு முடிகிறது, இன்னொன்று தொடங்குகிறது. கண்மாய்த் தண்ணீர் மதகு திறந்த அளவுக்குத்தான் வயலுக்குப் போகும். அதுபோல, அங்கே எவ்வளவு சேதியை மேலே விடுவது என்பதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்த மதகை இறக்குகிற கைகளில் ஒன்றுதான் நீலப் புள்ளியிலிருந்தும் அதன் அண்டைக் கொத்துகளிலிருந்தும் இறங்கி வரும் நார்அட்ரினலின். அது வலி நரம்பின் முனையில் இருக்கும் ஆல்ஃபா-2ஏ ஏற்பியில் ஒட்டினால், அந்த முனைக்குள் கால்சியம் நுழைவது குறையும். கால்சியம் குறைந்தால் குளுட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி போன்ற வலிச் சேதி சொல்லும் பொருட்கள் குறைவாக வெளியாகும். அடுத்த நரம்பும் சுலபத்தில் கிளர்ந்தெழாது.

ஆல்ஃபா-2 குடும்பத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் இந்த வேலை செய்வது யார் என்று எப்படித் தெரிந்தது? மருந்துகளால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, எந்த மருந்தும் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொடும். மரபணுவை மாற்றிய சுண்டெலிகள்தான் முடிவு சொல்லின. 1996-ல் ஆல்ஃபா-2ஏ ஏற்பியின் 79-ஆவது இடத்தில் இருக்கும் ஆஸ்பார்ட்டேட் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தை அஸ்பராஜினாக மாற்றிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். ஒரு எழுத்துதான் மாறியது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் முடிவுகளை வெளியிட்டன. டெக்ஸ்மெடெடொமிடின் என்ற ஆல்ஃபா-2 மருந்தைக் கொடுத்தால் சாதாரணச் சுண்டெலி சொக்கிப்போகும், சூட்டுக்கு வாலை இழுக்கத் தாமதிக்கும். மாற்றிய சுண்டெலிக்கு இரண்டும் நடக்கவில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது இன்னொரு முடிவு. மார்ஃபின் வகை மருந்தையும் ஆல்ஃபா-2 மருந்தையும் சேர்த்துத் தண்டுவடத்தில் கொடுத்தால், தனித்தனியாகக் கொடுப்பதன் கூட்டுத்தொகையைவிட அதிகமாக வலி குறையும். அந்தக் கூடுதல் பலனும் இந்தச் சுண்டெலிகளில் காணாமல் போனது. ஒரு ஏற்பியைக் கெடுத்தால், பக்கத்து வீட்டு மருந்தான மார்ஃபினின் துணையும் போய்விடுகிறது.

இதற்குச் சற்று முன்னால், 1995-ல், நார்அட்ரினலினையே தயாரிக்க முடியாத சுண்டெலிகளையும் உருவாக்கியிருந்தார்கள். டோபமினை நார்அட்ரினலினாக மாற்றும் நொதி அவற்றில் இல்லை. 2002-ல் அவற்றின் வலியைச் சோதித்தபோது, சூட்டுக்கு மற்றவற்றைவிடச் சீக்கிரம் காலை இழுத்தன. மார்ஃபினும் சரியாகப் பிடிக்கவில்லை. அதாவது, நமக்குத் தெரியாமலே நம் தண்டுவடத்தில் ஓர் அடக்குதல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது இல்லாதபோதுதான் இருந்தது என்று தெரிகிறது.

இந்த நாட்டு மண்ணிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1844-ல் இன்றைய வடமேற்கு மாகாணத்தில் மபோட்சா என்ற இடத்தில் டேவிட் லிவிங்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரியை ஒரு சிங்கம் தோளில் கவ்வி உதறியது. இடது மேற்கை எலும்பு நொறுங்கியது. பிற்பாடு அவர் ஆப்பிரிக்காவில் இறந்து, உடல் 1874-ல் லண்டன் போய்ச் சேர்ந்தபோது அந்த எலும்பு முறிவை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அந்தக் கணத்தில் வலியும் இல்லை, பயமும் இல்லை, ஒருவித மயக்கம்தான் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். பூனை முதல்முறை உதறியதும் சுண்டெலிக்கு வரும் திகைப்பு மாதிரி இருந்தது என்கிறார்! சுண்டெலியின் ஆல்ஃபா-2ஏ ஏற்பியை யாரும் மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னால் எழுதியது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உடம்பு வலியை ஒதுக்கி வைக்கும் என்பது இன்று நன்றாகத் தெரிந்த விஷயம். அதில் உடம்பே சுரக்கும் ஓபியாய்டுகள் என்ற மார்ஃபின் போன்ற பொருட்களுக்கும் பங்கு உண்டு, கீழிறங்கும் நார்அட்ரினலினுக்கும் பங்கு உண்டு. இன்று க்ரூகர் தேசியப் பூங்கா பக்கம் வனவிலங்கு மருத்துவர்கள் சிங்கத்துக்கு மயக்க ஊசி போடும்போது கலக்கும் மருந்துகளில் மெடெடொமிடின் ஒன்று. அதுவும் ஆல்ஃபா-2 மருந்துதான். வேலை முடிந்ததும் அட்டிபமசோல் என்ற எதிர்மருந்தைப் போடுவார்கள், ஏற்பி விடுபடும், சிங்கம் எழுந்து நடக்கும். சுண்டெலிக்கும் சிங்கத்துக்கும் ஆயாவுக்கும் ஏற்பி ஒன்றுதான்.

2014-ல் மாண்ட்ரியால் குழு ஒன்று வெளியிட்ட முடிவு எங்கள் துறையையே உலுக்கியது. ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தால் சுண்டெலிகளும் எலிகளும் குறைவாக வலியைக் காட்டின. ஆண் போட்டுக் கழற்றிய சட்டையை வைத்தாலே போதும், அதே விளைவு. ஆண் வாடையால் அவற்றுக்கு மன உளைச்சல் ஏறுகிறது, உளைச்சல் வலியை அடக்குகிறது. அப்படியானால் அதுவரை வந்த எத்தனை சோதனைகளில் மருந்தின் பலன் என்று எழுதியது உண்மையில் யார் அறைக்குள் நின்றார் என்பதன் பலன்? எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு தாளிலும் சோதித்தவர் யார் என்ற கட்டம் உண்டு. ஒரு தொடர் முடியும் வரை ஆள் மாற்றுவதில்லை. இதைப் புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களை நம்பி இழையைக் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

இங்கே காவடி பார்த்தவர்கள் இந்த இடத்தில் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். டொங்காட்டில் பிரேக் வில்லேஜ் சுப்பிரமணியர் கோயிலாகட்டும், டர்பனில் எந்தக் கோயிலாகட்டும், தைப்பூசத்துக்கும் சித்திரைக் காவடிக்கும் நாக்கிலும் கன்னத்திலும் வேல், முதுகில் கொக்கி, கொக்கியில் எலுமிச்சம்பழம் என்று போகிறவர்களைப் பார்த்து, "எல்லாம் அட்ரினலின்" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பாதிதான் சரி. சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கொட்டும் அட்ரினலின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளே எளிதில் நுழைவதில்லை, இடையே தடுப்பு இருக்கிறது. வலியை அடக்கும் வேலை உள்ளிருந்தே, மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்புகள் வழியாக நடக்க வேண்டும். அந்த நரம்புகளுக்கு மூளையின் மேல்பகுதிகளிலிருந்து உத்தரவு வருகிறது. எதிர்பார்ப்பு, கவனம், நம்பிக்கை எல்லாம் உட்கார்ந்திருக்கும் இடங்கள் அவை. அதனால் "பக்தியா, வேதிப்பொருளா" என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. விரதம் இருந்து, உறுமியும் தவிலும் காதில் அறைய, குடும்பமே கூட நடக்க, அரோகரா சொல்லிக்கொண்டு போகிறவரின் மூளைத்தண்டுக்குப் போகும் உத்தரவில் இவை எல்லாமே இருக்கும்.

மொரிஷியஸில் காவடி எடுத்தவர்களை அளந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உடலில் சின்னக் கருவிகளைக் கட்டிவிட்டு, விழாவுக்கு முன்னும் பின்னும் அவர்களைத் தொடர்ந்தார்கள். நாள்பட்ட நோய் உள்ளவர்கள்தான் அதிகம் குத்திக்கொண்டார்கள். அதிகம் குத்திக்கொண்டவர்களே பிற்பாடு தங்கள் நலம் கூடியதாகச் சொன்னார்கள். அவர்களின் தண்டுவடத்தில் நார்அட்ரினலின் எவ்வளவு இருந்தது என்று அந்த ஆய்வு அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. அதற்குத்தான் சுண்டெலி.

ஆயாவின் கணவர் பல வருஷம் காவடி எடுத்தவர். "முதுகு நெறைய கொக்கி போட்டுக்கிட்டு முகத்துல ஒரு சுளிப்பு இருக்காது. அதே மனுசன் மறுநாள் கதவுல கால்விரலை இடிச்சிக்கிட்டா ஊரையே கூட்டிடுவாரு" என்பார் ஆயா. ஒரே ஆள், ஒரே நரம்பு. நேரமும் நிலையும்தான் வேறு.

இனி வலி கூடும் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் முதல் பாதி பொய்யாகிவிடும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டு பட்ட சிப்பாய்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர், காயம் ஆறிய பிறகும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு வலியை விவரித்தார். காலடிச் சத்தம், காகிதம் சரசரப்பது, சின்ன உணர்ச்சிக் கொந்தளிப்பு எல்லாம் அதைக் கிளப்பின. ஆரோக்கியமான வலி நரம்பின் மேல் நார்அட்ரினலினை விட்டால் அது பெரும்பாலும் சும்மா இருக்கும். 1991-ல் முயல்களின் காது நரம்பை ஓரளவு சேதப்படுத்திவிட்டுப் பார்த்தபோது, அந்த நரம்பின் வலி இழைகள் நார்அட்ரினலினுக்குத் துடித்து எழுந்தன. சேதப்பட்ட நரம்பு முன்பு கண்டுகொள்ளாத சேதிக்கெல்லாம் பதில் சொல்லத் தொடங்குகிறது. "டென்ஷன் ஆனா எரிச்சல் கூடுது" என்று நோயாளிகள் சொல்வதை "உங்க நினைப்பு" என்று ஒதுக்கும் டாக்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முயல் காதுதான் ஞாபகம் வரும்.

தண்டுவடத்துக்கு உள்ளேயும் இதே கதை உண்டு. 2020-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழு சுண்டெலியில் ஒன்றைக் காட்டியது. பின்பக்கக் கொம்பின் மேல் அடுக்கில் ஆஸ்ட்ரோசைட் என்ற துணை அணுக்களில் ஒரு தனி இனம் இருக்கிறது. இவை நரம்பணுக்களே கிடையாது. நீலப் புள்ளியிலிருந்து இறங்கி வரும் அதே நார்அட்ரினலின் இவற்றின் ஆல்ஃபா-1ஏ ஏற்பியில் ஒட்டினால், தொடுதலுக்கு வலி கூடுகிறது! மதகை இறக்க வந்த கை, பக்கத்திலேயே இன்னொரு மதகைத் தூக்கியும் விடுகிறது. அந்த அணுக்களில் மட்டும் ஆல்ஃபா-1ஏ ஏற்பியை நீக்கியபோது, டுலோக்ஸெடின் என்ற மருந்து வலியை இன்னும் நன்றாகக் குறைத்தது. டுலோக்ஸெடின் நார்அட்ரினலினைக் கூட்டும் மருந்து. சிலருக்கு அது பாதிக்கு மேல் வேலை செய்யாமல் நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இப்போது ஆயாவின் மாத்திரைக்கு வரலாம். அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின் இரண்டும் நரம்பு முனையில் வெளியான நார்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. வெளியே அது அதிக நேரம் தங்கும். மனச்சோர்வுக்கு உதவுவதிலும் இதற்குப் பங்கு உண்டு, நரம்பு வலிக்கு உதவுவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அமிட்ரிப்டிலினில் வலிக்கு வேண்டிய அளவு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவைவிடப் பெரும்பாலும் குறைவு. மனச்சோர்வே இல்லாதவருக்கும் வலி குறைகிறது.

2018-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் குழு இந்த இரண்டு மருந்துகளையும், நரம்பில் குழாய்த் துண்டு மாட்டிய சுண்டெலிகளில் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் அது ஒன்று. மருந்து இரண்டு வழியில் வேலை செய்கிறது. ஒன்று வேகமான வழி. தண்டுவடத்துக்கு இறங்கும் நார்அட்ரினலின், ஆல்ஃபா-2ஏ ஏற்பி. கொடுத்த கொஞ்ச நேரத்தில் வலி குறையும், மருந்து இறங்கியதும் திரும்பிவிடும். இன்னொன்று மெதுவான வழி. நாள்தோறும் கொடுத்துக்கொண்டே வந்தால், தண்டுவடத்துக்கு வெளியே, நரம்பின் வேர் முடிச்சில், பீட்டா-2 ஏற்பி வழியாக அழற்சிப் பொருட்கள் அடங்குகின்றன. இந்த இரண்டாவது வழிதான் நிலைத்து நிற்கும் பலனைத் தருகிறது. பீட்டா-2 ஏற்பியே இல்லாத சுண்டெலிகளுக்கு எத்தனை நாள் கொடுத்தாலும் அந்தப் பலன் வரவில்லை என்று இதே குழு முன்பே காட்டியிருந்தது.

மூன்று நாள் போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மெதுவான வழி திறக்கவே வாரக்கணக்கு ஆகும்.

எல்லோருக்கும் கேட்கும் என்றும் சொல்ல மாட்டேன். 2015-ல் உலக அளவில் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமிட்ரிப்டிலின் வகை மருந்துகளை ஏறக்குறைய நான்கு பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையால் கிடைப்பதற்கு மேல், ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. டுலோக்ஸெடின் வகைக்கு ஆறேழு பேருக்கு ஒருவர். இதை நான் குறைவாக நினைக்கவில்லை. இரவெல்லாம் காலை வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும் ஒருவருக்கு நாலில் ஒரு வாய்ப்பு என்பது பெரிய விஷயம். ஆனால் அந்த எண்ணை மறைத்து மருந்து கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சுண்டெலியின் எல்லையையும் சொல்ல வேண்டும். வலி ஆய்வுக்கென்றே இருக்கும் ஒரு முக்கிய இதழில் பத்தாண்டுகளில் வந்த விலங்கு ஆய்வுகளைப் புரட்டியபோது, 79 சதவீதத்தில் ஆண் விலங்குகள் மட்டுமே இருந்தன என்று 2005-ல் கணக்கெடுத்துச் சொன்னார்கள். நாள்பட்ட வலியில் தவிக்கும் மனிதர்களில் பெண்களே அதிகம். இப்போது நிலைமை மாறிவருகிறது, எங்கள் ஆய்வகத்தில் இரண்டையும் வைக்கிறோம். இந்த நாட்டில் விலங்கு ஆய்வுக்கு எஸ்.ஏ.என்.எஸ் 10386 என்ற தேசியத் தரவிதி இருக்கிறது. நெறிக்குழு ஒப்புதல் இல்லாமல் ஒரு சுண்டெலியைக்கூடத் தொட முடியாது. எத்தனை போதும், எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அந்தத் தாள்களைத் தொந்தரவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வலியைக் கொடுக்கிறோம், அதற்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஆயாவிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "ஆயா, இது கால்ல இருந்து மேல போற எரிச்சலை முதுகுத்தண்டுலயே அடக்குற மாத்திரை. மூளைக்கு மட்டும்னு நினைக்கறது தப்பு. ரெண்டு மூணு வாரம் விடாம போட்டாதான் தெரியும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல" என்றார். "இல்ல ஆயா." "சரி, டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடறேன்" என்றார். அடுத்த முறை கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் இதயத் துடிப்புக்கு ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, 10 மில்லிகிராமில் தொடங்கச் சொன்னார்.

முதல் வாரம் வாய் வறண்டது, காலையில் தலை கனத்தது. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தபோது தலை சுற்றியது. இந்தத் தலைச்சுற்றலும் அட்ரினலின் ஏற்பிகளின் வேலைதான். அமிட்ரிப்டிலின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஆல்ஃபா-1 ஏற்பியை அடைத்துவிடும். எழுந்து நிற்கும்போது குழாய்கள் சுருங்க வேண்டிய வேகத்தில் சுருங்காது, ரத்த அழுத்தம் இறங்கும். வயதானவர்கள் விழுவது இப்படித்தான். ஆயா இப்போது எழுந்தவுடன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முருகன் பெயரைச் சில தடவை சொல்லிவிட்டுத்தான் நிற்கிறார். எரிச்சல் முழுதாகப் போகவில்லை. போர்வையை முழங்கால் வரை இழுத்துக்கொள்ள முடிகிறது, பாதத்தில் இன்னும் முடியவில்லை.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அந்தப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டில் "நரம்பு வலிக்கு, ராத்திரி ஒன்று, பலன் தெரிய சில வாரம் ஆகும், எழும்போது மெதுவாக" என்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் இந்த மாத்திரை இருக்கிறவர்கள், கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு இவற்றில் ஏதாவது இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். பழைய பொட்டலம் அலமாரியில் கிடந்தால் அதை நீங்களாக எடுத்துத் தொடங்க வேண்டாம், கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.